மந்தம் வந்தால் இடைவெளி குறையுமா?

கேள்வி: பொருளாதார மந்தம் தொழில் மாநிலங்களைத்தானே அதிகம் தாக்கும்? அப்படியென்றால் அக்காலத்தில் பீகாருக்கும் நமக்கும் உள்ள வருமான இடைவெளி குறைய வேண்டுமல்லவா? (வாசகர், ஈரோடு)

பதில்: கேள்வியின் முதற்பாதியே சரியில்லை. நாட்டின் மொத்த உற்பத்தி 5.8 விழுக்காடு சுருங்கிய 2020-21இல்கூட, தமிழ்நாட்டின் உற்பத்தி ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நின்றது. ஒரு தொழில் படுத்தால் இன்னொன்று தாங்கிக்கொள்ளும் அளவுக்கு இங்கே தொழில்கள் பலவகைப்பட்டவை. பீகாருக்கு அந்த வசதி இல்லை. அங்கே லட்சக்கணக்கான குடும்பங்களின் மாத வரவு, திருப்பூரிலும் சூரத்திலும் லூதியானாவிலும் ஆர்டர் வருகிறதா இல்லையா என்பதைப் பொறுத்தது.

இதில் கணக்கின் கண்கட்டு வித்தை ஒன்றும் உண்டு. மாநில வருமானம் பொருள் எங்கே உற்பத்தியாகிறதோ அங்கே எழுதப்படுவதால், பனியன் கம்பெனியில் தைக்கும் பீகார் இளைஞரின் உழைப்பு தமிழ்நாட்டின் வருமானமாகிறது. அவர் ஊருக்கு அனுப்பும் பணம் பீகாரின் உற்பத்திக் கணக்கில் ஏறுவதில்லை. 2020 மே மாதத்தில் அவர், கொரோனா ஊரடங்கில் சிக்கிய வெளிமாநிலத் தொழிலாளர்களுக்காக விடப்பட்ட ஷ்ரமிக் சிறப்பு ரயிலில் வெறுங்கையோடு ஊர் திரும்பியபோது, அந்தக் குடும்பம் இழந்த பணமும் அந்தக் கணக்கில் நேரடியாகத் தெரிந்திருக்காது. இடைவெளி குறைந்ததாக எவராவது அட்டவணை காட்டினால், முதலில் இதைக் கேளுங்கள்.

ஏற்றக் காலத்திலோ ஆதாயம் ஆலை இருக்கும் இடத்திலேயே தங்கிவிடுகிறது. 1990-91இல் தமிழ்நாட்டின் தனிநபர் வருமானம் தேசிய சராசரியில் சுமார் 90 விழுக்காடு. 2023-24இல் அது சுமார் 171. பீகாருடையது அந்த ஆண்டில் தேசிய சராசரியில் மூன்றில் ஒரு பங்குதான்.

மந்தத்தில் டெல்லி கைகொடுக்குமே என்பீர்கள். பதினைந்தாம் நிதிக்குழு மத்திய வரிப் பகிர்வில் பீகாருக்குச் சுமார் 10 விழுக்காடும் நமக்குச் சுமார் 4 விழுக்காடும் ஒதுக்கியது உண்மை. அது குறைவு என்ற நமது மனக்குறையும் நியாயமானதே. ஆனால் பகிர்வு என்பது வசூலில் ஒரு பங்கு. வசூல் சரிந்தால் அதுவும் சரியும். 2018-19இல் எல்லா மாநிலங்களுக்குமாகச் சுமார் 7.6 லட்சம் கோடி ரூபாயாக இருந்த தொகை, 2020-21இல் 6 லட்சம் கோடிக்கும் கீழே இறங்கியது. சொந்த வரி வருவாய் கணிசமாக உள்ள சென்னையால் அதைச் சமாளிக்க முடிந்தது. வரவில் பெரும்பகுதிக்கு டெல்லியையே நம்பியிருக்கும் பாட்னாவுக்கு, ஊர் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்க வேண்டிய அதே ஆண்டில் அந்த வரிப் பங்கு குறைந்தது.