கல்லும் பழைய மரமும் கொண்டு மேப்பிள் சீனிக் குடில் கட்டுதல்: கேள்வி பதில்

கிழக்கு ஒன்ராறியோவின் லனார்க் பகுதியில், வயலில் பொறுக்கிய கல்லையும் பழைய பண்ணைக் கொட்டில்களின் மரத்தையும் கொண்டு மேப்பிள் சாறு காய்ச்சும் குடில்கள் இரண்டைக் கட்டியிருக்கிறேன். காடு வாங்கிவிட்டு, அடுத்த வசந்தத்துக்குள் குடில் எழுப்ப எண்ணியிருக்கும் அன்பர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

கேள்வி (பீற்றர்பரோவிலிருந்து): ஐயா, 12 ஏக்கர் மேப்பிள் காடு வாங்கியிருக்கிறோம். கூரை வரைக்கும் கல்லாலேயே குடில் கட்ட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அது சரிவருமா?

கல்லை இடுப்பளவோடு நிறுத்திவிட்டு, அதற்கு மேல் மரத்துக்கு மாறுங்கள் என்பதே என் பதில். காரணம் ஆவி. சீனி மேப்பிளின் சாற்றில் சீனி ஏறத்தாழ 2 வீதம்தான் இருக்கும் என்பதால், ஒரு லீற்றர் பாகு எடுக்கச் சுமார் 40 லீற்றர் சாற்றைக் காய்ச்ச வேண்டும். மீதி முழுவதும் ஆவியாகி உங்கள் தலைக்கு மேல்தான் எழும்பும். 2 அடி அகலமும் 6 அடி நீளமும் கொண்ட தட்டையான காய்ச்சுதட்டு நன்றாக எரியும் அடுப்பில் மணிக்கு ஏறத்தாழ 50 லீற்றர் நீரைப் போக்கும். ஒரு லீற்றர் நீர் கொதித்தால் 1,700 லீற்றர் அளவுக்கு ஆவியாக விரியும். ஆக, மணிக்கு 85 கன மீற்றர் ஆவி. 12க்கு 16 அடி தரையும் 10 அடி உயரமும் உள்ள குடிலின் கொள்ளளவே 54 கன மீற்றர்தான் என்பதால், ஒவ்வொரு மணிநேரமும் உங்கள் குடில் ஒன்றரைத் தடவை ஆவியால் நிறையும்.

மார்ச் மாதத்தில் கற்சுவர் குளிர்காலம் முழுவதையும் உள்வாங்கிக்கொண்டு உறைநிலையில் நிற்கும். அதன்மேல் பட்ட ஆவி உடனே நீராகி வழியும். இரவில் அந்த நீர் மூட்டுகளுக்குள் உறைந்து சாந்தைத் தள்ளும். என் முதற் குடிலில் கல்லை இறவாரம் வரை ஏற்றினேன். இரண்டாம் வசந்தம் முடிந்த ஒரு காலையில் மேல்வரிசை மூட்டு ஒன்றை விரலால் தொட்டபோது, சாந்து ஈரச் சீனியைப்போல உதிர்ந்து விழுந்தது. அந்தக் கோடையில் மேல் ஐந்தடியையும் கழற்றி மரப்பலகை அடித்தேன். கீழே நின்ற கல்லுக்கு அதன்பின் ஒரு குறையும் வரவில்லை.

ஆகவே முதலில் வரைய வேண்டியது சுவரை அன்று, முகட்டில் வைக்கும் ஆவித்திறப்பையே. காய்ச்சுதட்டுக்கு நேர் மேலே, தட்டின் நீளத்துக்குக் குறையாமல், இருபுறமும் கயிற்றால் திறந்து மூடக்கூடிய கதவுகளோடு அது அமைய வேண்டும். காற்று வீசும் பக்கத்தை மூடி மறுபக்கத்தைத் திறந்தால் ஆவி இழுபட்டு வெளியேறும். கீழே காற்று உள்ளே வர வழி இல்லாவிட்டால் மேலே ஆவியும் போகாது, அடுப்பும் மூச்சுத்திணறும். கற்சுவரின் அடியில் அதற்கென இரண்டு துவாரங்கள் விடுங்கள். உள்ளே தட்டையான மச்சு போடவே கூடாது. அதில் ஒட்டிய நீர் கரியோடும் தூசியோடும் பாகில் சொட்டும்.

கேள்வி (ஒட்டாவாவிலிருந்து): குடிலைக் காணியின் எந்த இடத்தில் வைப்பது?

மேப்பிள் தோப்புக்குக் கீழே, சரிவின் அடியில், வண்டி வந்து திரும்பக்கூடிய இடத்தில் வையுங்கள். சாறு தானாகவே இறங்கி வரும். சாற்றுத் தொட்டியைக் காய்ச்சுதட்டைவிட உயரத்தில், வெயில் படாத வடக்குச் சுவரோரம் நிறுத்துங்கள். சாறு பாலைப்போலக் கெட்டுப்போகும் பொருள். நகராட்சியிடம் கட்டட அனுமதியும் காப்புறுதி நிறுவனத்திடம் ஒப்புதலும் பெறாமல் ஒரு கல்லையும் நகர்த்த வேண்டாம்.

கேள்வி (மொன்றியலிலிருந்து): நான் கொத்தனார் அல்லன். காணி ஓரமெங்கும் குவிந்து கிடக்கும் கல்லை வைத்து நானே சுவர் கட்டலாமா? சீமெந்தா, சுண்ணாம்பா?

கட்டலாம். பனிப்பாறைகள் விட்டுச்சென்ற கற்கள் ஒவ்வொரு குளிர்காலமும் உறைபனியால் நிலத்துக்கு மேலே தள்ளப்படுகின்றன. உழவர்கள் அவற்றைத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வேலியோரம் போட்டுவைத்தார்கள். உங்கள் குவியல் அப்படி வந்ததாகத்தான் இருக்கும். 1826க்கும் 1832க்கும் இடையில் றிடோ கால்வாயைக் கட்ட வந்த கொத்தர்களிற் பலர் பின்னர் இங்கேயே தங்கி, லனார்க்கில் உள்ள பேர்த் நகரின் மணற்கல் வீடுகளைக் கட்டினார்கள். அந்த வீடுகளின் மூலைகளை ஒருமுறை நேரிற் போய்ப் பாருங்கள். பெரிய, சதுரமான கற்கள் மூலைக்கு ஒதுக்கப்பட்டு, ஒன்று இடமும் அடுத்தது வலமுமாக மாறி மாறிப் படுத்திருக்கும். எந்தச் செங்குத்து மூட்டும் இரண்டு வரிசைக்கு மேல் நேராக ஓடாது. சுவரின் இரு முகங்களையும் பிணைக்கும் நீளக் கற்களை இடையிடையே வைக்க மறந்தால், சுவர் நடுவில் இரண்டாகப் பிரிந்து வயிறு தள்ளும்.

அத்திவாரம் உறைபனி எட்டாத ஆழத்துக்குப் போக வேண்டும். ரொறன்ரோப் பக்கம் 1.2 மீற்றர் என்பது வழக்கம். வடக்கே போகப் போக அது கூடும். அடியிற் சரளைக்கல் இட்டு நீர் வடியவும் வழி செய்யுங்கள்.

சாந்துக்கு நான், நீர் சேர்ந்தால் இறுகும் வகையான நீர்ச்சுண்ணாம்பையே விரும்புகிறேன். சீமெந்து விறைத்து நிற்கும். கட்டடம் சிறிது அசைந்தாலும் வெடித்து, வெடிப்பினுள் நீரைச் சிறைப்பிடிக்கும். சுண்ணாம்பு சற்று இணங்கிக்கொடுக்கும். ஈரத்தைத் தன் வழியே வெளியே விடும். ஆனால் அதற்குப் பொறுமை வேண்டும். வெப்பநிலை 5 பாகைக்குக் கீழே போகும் நாட்களில் வைத்த சுண்ணாம்பு இறுகுமுன் உறைந்து வீணாகும். வெயில் காலத்தில் ஈரச்சாக்கு போட்டு மூடாவிட்டால் தூளாகும். கைப்பழக்கம் இல்லாதவர்களுக்குப் பலகை அச்சுக்குள் கல்லை முகம் வெளியே தெரிய அடுக்கிக் கொங்கிறீற்று ஊற்றும் முறையும் உண்டு. 1932இல் அமெரிக்காவின் வெர்மான்ற்றுக்குப் போய் மேப்பிள் பாகை வருமானமாகக் கொண்டு வாழ்ந்த ஹெலன், ஸ்கொற் நியரிங் தம்பதியர் தம் கற்கட்டடங்களை அந்த முறையிலேயே எழுப்பினார்கள்.

கேள்வி (மார்க்கத்திலிருந்து): அண்ணா, பக்கத்துப் பண்ணையில் இடிக்கப்போகும் பழைய கொட்டில் ஒன்றின் மரத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். நல்ல மரமா என்று எப்படி அறிவது?

உத்தரத்தின் நடுப்பகுதியைப் பார்த்து மயங்க வேண்டாம். முனைகளைப் பாருங்கள். கல்லின்மேல் படுத்திருந்த இடம், கூரை ஒழுகிய இடம், தூணில் செருகியிருந்த கழுந்து ஆகிய மூன்றிலும்தான் உளுத்தல் தொடங்கும். கூரிய கம்பியால் குத்துங்கள்: நல்ல மரத்தில் சில மில்லிமீற்றரோடு நின்று, இழுக்கும்போது பிடித்துக்கொள்ளும், கெட்ட மரத்தில் வெண்ணெயில் போவதுபோல் போகும். பிறகு சுத்தியலால் தட்டிக் கேளுங்கள். ஓசை மந்தமாக மாறும் இடத்தில் சோக்கட்டியால் கோடு போட்டு, அந்தக் கோட்டுக்கு உட்புறமாக அறுங்கள்.

கீழே ஒரு கறுப்புத் துணியை விரித்து மரத்தை அதன்மேல் ஓரிரு வாரம் வையுங்கள். துணியில் கோதுமை மாவுபோல் வெளிர்தூள் விழுந்தால் உள்ளே வண்டு இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்த மரத்தைச் சூளையில் வெப்பமேற்றாமல் குடிலுக்குள் கொண்டுவர வேண்டாம். துவாரங்கள் பழையனவாய், தூளின்றி இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. ஆணிகளை உலோகம் காட்டும் கருவியால் தேடி எடுத்த பின்பே வாளை வையுங்கள். பழைய சதுர ஆணி ஒன்று போதும், வாளின் பற்கள் போய்விடும்.

வாய்ச்சித் தழும்பு தெரியும் முகத்தைக் கண்ணில் படும் பக்கம் திருப்புங்கள். நூறாண்டுகளுக்கு முன் ஒருவர் நின்று செதுக்கிய ஒவ்வொரு வெட்டும் அதில் இருக்கிறது. அதை இழைத்துத் தள்ளுவதற்கு எனக்கு மனம் வந்ததில்லை. தூணும் உத்தரமும் சேரும் இடங்களைத் துளையும் கழுந்துமாகவே பொருத்தி மர ஆணியால் இறுக்குங்கள். ஈரத்தில் மரம் ஊதிச் சுருங்கினாலும் அந்த மூட்டு தளராது.

இரண்டு மரங்களைத் தொடவே வேண்டாம். தார் எண்ணெய் ஊறிய இரயில் கட்டைகளும் தந்திக் கம்பங்களும் ஒன்று. பழைய வர்ணம் பூசிய பலகை மற்றொன்று, அதில் ஈயம் இருக்கக்கூடும். காய்ச்சுதட்டுக்கு மேலே எந்த மருந்தும் ஏறாத வெறும் மரம்தான் இருக்க வேண்டும். வருடத்தில் ஆறு வாரங்களே நனையும் மரம், மற்ற மாதங்களில் திறப்புகள் வழியே காய்ந்துவிடும்.

கேள்வி (பெயர் குறிப்பிடாதவர்): பழைய வாளிகளையும் தட்டையும் மலிவாகத் தருகிறார்கள். வாங்கலாமா?

பழைய தகர வாளிகளின் மூட்டுகளில் ஈயப்பற்று இருக்கும். அது சாற்றில் கரையும், காய்ச்சும்போது செறிவடையும். சுவரில் மாட்டி அழகு பார்க்கலாம். காய்ச்சுவதற்கு உணவுத்தரத் துருப்பிடியா உருக்கு மட்டுமே.

கேள்வி (லண்டன், ஒன்ராறியோவிலிருந்து): அடுப்பையும் கல்லாலேயே கட்டலாம் அல்லவா?

வெளிப்புறத்தைக் கல்லால் கட்டுங்கள்; தீ படும் உட்புறத்துக்குத் தீச்செங்கல்லும் தீச்சாந்தும் வேண்டும். ஆற்றங்கரையில் எடுத்த கற்களின் நுண்துளைகளில் நீர் இருக்கும். சூடேறினால் அவை ஓசையோடு வெடித்துச் சிதறும். செங்கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் விரலளவு இடைவெளி விட்டால், உள்ளடுப்பு விரியும்போது வெளிக்கல் பிளக்காது. புகைபோக்கியின் உயரம் அடுப்பின் நீளத்தைப்போல் இரு மடங்கு இருக்கட்டும். அது கூரையைத் துளைக்கும் இடத்தில் பழைய மரத்தை நெருங்கவிடாமல், ஒற்றைத் தகட்டுக் குழாயானால் 45 சென்ரிமீற்றராவது விலக்கி, உலோகக் கழுத்து வையுங்கள். அந்த மரம் நூறு வருடம் காய்ந்தது. ஒரு பொறி போதும்.

கேள்வி (பிரம்ரனிலிருந்து): இப்போது தொடங்கினால் அடுத்த பருவத்துக்குள் முடியுமா?

இரவில் உறைந்து பகலில் 5 பாகையளவுக்கு இளகும் நாட்கள் பெப்ரவரி இறுதியில் தொடங்கிவிடும். அதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். மே, யூனில் அத்திவாரம். யூலை, ஓகஸ்டில் கல். செப்ரெம்பர் நடுப்பகுதியோடு சாந்தை நிறுத்திவிட்டு, மரச்சட்டத்தை ஒக்ரோபரில் நிமிர்த்துங்கள். விறகை மட்டும் இவ்வருடமே வெட்டிப் பிளந்து அடுக்கத் தொடங்குங்கள், ஏனெனில் அது ஒரு கோடை முழுவதும் காய வேண்டும். 4 அடி உயரம், 4 அடி அகலம், 8 அடி நீளம் கொண்ட அடுக்கு இரண்டு, சாறு வடிக்க மரங்களில் இடும் நூறு துளைகளுக்கு எனக்குப் போதுமாக இருக்கிறது. கல் வேலை செப்ரெம்பருக்குள் முடியாவிட்டால் சுவரைச் சாக்கால் மூடி அடுத்த கோடைக்கு விட்டுவிட்டு, அந்த ஒரு வசந்தத்துக்கு மட்டும் திறந்த வெளியில் காய்ச்சுங்கள்.