கழற்றிய பாகத்தைத் துடைக்காமல் காட்டுங்கள்

கேள்வி: சிறிய விமானப் பயிற்சி நிலையம் ஒன்றில் எஞ்சின் பராமரிப்பில் வேலை பார்க்கிறேன். ஒரு பிஸ்டன் எஞ்சின் மேலேறும்போது அவ்வப்போது சக்தி இழக்கிறது. மேக்னெட்டோ, பிளக், ஃப்யூயல் பம்ப் எல்லாம் மாற்றியாயிற்று. இரண்டே வாரத்தில் அதே ஸ்நாக் (கோளாறு) மறுபடியும் வருகிறது. வெளியாள் யாரிடமாவது காட்டலாம் என்றால், "தினமும் கையாளும் நமக்குத் தெரியாதது அவருக்கு என்ன தெரியப்போகிறது?" என்கிறார் மேலதிகாரி. வெளியாளால் பயன் உண்டா?

பதில்: உண்டு. ஆனால் முதலில் அந்த விமானத்தைத் தரையில் நிறுத்துங்கள். காரணம் தெரியாமல் சக்தி இழக்கும் எஞ்சினை நம்பி ஒரு மாணவரை மேலே அனுப்பக் கூடாது. மற்றதெல்லாம் அப்புறம்தான்.

உங்கள் மேலதிகாரி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அந்த எஞ்சினை உங்கள் ஆட்கள் அளவுக்கு அறிந்தவர் வெளியே கிடைக்கமாட்டார். ஆனால் நீங்கள் 'இதில் குறையில்லை' என்று பார்த்து முடித்த இடங்களை, வெளியாள் மறுபடி முதலிலிருந்து பார்ப்பார்.

1940-இல் பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர், ஹரிகேன் போர்விமானங்களில் இருந்த மெர்லின் எஞ்சினுக்கு ஒரு கோளாறு. விமானி சட்டென்று மூக்கைக் கீழே தள்ளினால் கார்புரேட்டரில் உள்ள பெட்ரோல் மேலே எகிறும். எஞ்சின் ஒரு நொடி திணறும். அடுத்து, பெட்ரோல் மட்டத்தைக் கட்டுப்படுத்தும் மிதவை இடம் மாறி, பெட்ரோல் அளவு மீறிப் பாயும். கரும்புகையோடு எஞ்சின் அணைந்துபோகும். ஜெர்மன் விமானங்களில் நேரடி எரிபொருள் இன்ஜெக்‌ஷன் இருந்ததால் அவை அப்படியே கீழே பாய்ந்து தப்பிவிடும்.

மெர்லினைச் செய்த ரோல்ஸ் ராய்ஸ்காரர்கள் கார்புரேட்டரை விடாமல் வைத்திருந்ததற்கு நல்ல காரணம் இருந்தது. பெட்ரோல் ஆவியாகும்போது உள்ளே போகும் காற்று குளிர்ந்து அடர்த்தியாகும். அதனால், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சூப்பர்சார்ஜர் நன்றாக வேலை செய்யும். கணக்கு சரிதான். விமானியின் தவிப்பு மட்டும் தீரவில்லை.

ஃபார்ன்பரோவில் இருந்த அரசு விமான ஆய்வு நிலையத்தின் பொறியாளர் பியாட்ரிஸ் ஷில்லிங் வேறொரு பக்கத்திலிருந்து வந்தார். முழுச் சக்தியில் ஓடும் எஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல் வேண்டுமோ, அதற்கு மேல் பாயாதபடி எரிபொருள் வழியில் துளையிட்ட ஒரு சிறு உலோகத் துண்டை வைத்தார். பார்த்தால் வாஷர் மாதிரிதான் இருக்கும். 1941 தொடக்கத்தில் அவரே ஒரு சிறு குழுவோடு தளம் தளமாகப் போய்ப் பொருத்திக் கொடுத்தார். முழுத் தீர்வு பின்னால்தான் வந்தது. ஆனால் எஞ்சின் அணைவது அன்றைக்கே நின்றது. எனக்கு மிகவும் பிடித்த எஞ்சின் வேலை இது.

சரி, நீங்கள் என்ன செய்ய வேண்டும்? வெளியாளிடம் உங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடாதீர்கள். 'பம்ப்தான் காரணம் என்று நினைக்கிறோம்' என்று ஆரம்பித்தால் அவரும் பம்ப்பைத்தான் பார்ப்பார். லாக் புக், ஸ்நாக் வந்த நாட்களின் வெப்பநிலை, எந்த உயரத்தில் வந்தது, டேங்கில் எவ்வளவு இருந்தது, இவற்றை அப்படியே கொடுங்கள். ஓட்டிய பயிற்சியாளரோடு தனியாகப் பேச விடுங்கள்.

ஒருமுறை ஒரு ஹேங்கருக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஃப்யூயல் ஸ்ட்ரெய்னரின் (எரிபொருள் வடிகட்டியின்) கிண்ணத்தை விருந்தாளிக்கு வைத்த டம்ளர் போலப் பளபளவென்று துடைத்து மேசைமேல் வைத்திருந்தார் ஒரு தம்பி. மரியாதைக்காகச் செய்தது. அதன் அடியில் தண்ணீர் நின்றதா, துரு இருந்ததா, ரப்பர் துணுக்கு இருந்ததா என்று அதற்குப் பிறகு யாராலும் சொல்ல முடியவில்லை.

2008 ஜனவரியில் ஹீத்ரோவில் ஓடுதளத்துக்கு முன்னாலேயே இறங்கிய போயிங் 777 விஷயத்தில், எரிபொருள் பாதையை அடைத்த பனிக்கட்டி உருகிப்போயிருந்தது. இரண்டு எஞ்சின்களின் உயரழுத்த பம்ப்புகளிலும் இருந்த புதிய அரிப்புத் தடங்கள்தான், எரிபொருள் போதுமான அளவு வரவில்லை என்று விசாரணையாளர்களுக்குக் காட்டின.

வெளியாள் எதையாவது மாற்றச் சொன்னால், உற்பத்தியாளரின் ஆவணத்திலோ விமானத்துறை ஒழுங்குமுறை அமைப்பின் ஒப்புதலிலோ அதற்கு இடம் இருக்க வேண்டும். கையெழுத்துப் போடுவது உங்கள் பொறியாளர்தான், பொறுப்பும் அவருடையதுதான். இதை மேலதிகாரியிடம் தெளிவாகச் சொல்லுங்கள், தயக்கம் பாதி குறையும்.

கழற்றிய பழைய பம்ப் இன்னும் ஸ்டோரில்தான் இருக்கிறதா? இருந்தால் இன்றைக்கே வாய்களை அடைத்து, தேதி எழுதி, தனியாக எடுத்து வையுங்கள்.