மங்கு விழுந்த முகத்துக்கு ஃபவுண்டேஷன் மட்டும் போதுமா?

கேள்வி: எனக்கு 32 வயது. தங்கச்சிமடம் பக்கத்துக் கடலில் மிதவை போட்டுப் பாசி வளர்க்கிறோம். காலை 7 மணிக்குத் தண்ணீரில் இறங்கினால் கரையேற 11 மணி ஆகிவிடும். பிறகு மணலில் பாசி காயவைக்கும் வேலை. இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது இரண்டு கன்னத்திலும் மேலுதட்டுக்கு மேலும் மங்கு விழுந்தது. பிள்ளைக்கு இரண்டு வயதாகியும் மறையவில்லை. மருந்துக் கடையில் கேட்டு ஒரு க்ரீம் வாங்கி ஐந்து மாதமாகப் பூசுகிறேன். குழாயில் ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினோயின், மொமெட்டசோன் என்று போட்டிருக்கிறது. முதலில் நன்றாக வெளுத்தது. இப்போது ஒரு நாள் பூசாவிட்டாலும் எரிகிறது, வெயிலில் முகம் சிவந்துவிடுகிறது. ஷார்ஜாவிலிருந்து வந்த நாத்தனார் ஒரு ஃபவுண்டேஷன் கொடுத்திருக்கிறார். அதில் எஸ்.பி.எஃப். 30 என்று இருக்கிறது. அதை மட்டும் பூசினால் போதுமா? சன்ஸ்கிரீன் பூசினால் முகம் சாம்பல் பூத்ததுபோல் ஆகிவிடுகிறது. தை மாதம் தம்பிக்குக் கல்யாணம். கடலுக்குப் போகிறவளுக்கு மேக்கப் எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள்.

மருத்துவர் பதில்:

அன்புச் சகோதரி, ஃபவுண்டேஷனைப் பற்றிப் பிறகு பேசுவோம். ‘ஒரு நாள் பூசாவிட்டாலும் எரிகிறது’ என்று நடுவில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான் என்னைக் கவலைப்படுத்துகிறது.

உங்கள் குழாயில் இருக்கும் மூன்று மருந்துகளில் மொமெட்டசோன் ஒரு ஸ்டீராய்டு. தோல் மருத்துவர்கள் இந்தக் கூட்டு மருந்தை மங்குக்கு எழுதித் தருவது உண்டு. ஆனால் இரவில் மட்டும், சில வாரங்களுக்கு மட்டும், இடையிடையே வரச்சொல்லிப் பார்த்து நிறுத்திவிடுவோம். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்துவிடும். நுண்ணிய ரத்தக் குழாய்கள் வெளியே தெரியும், பருக்கள் கிளம்பும், சிலருக்குக் கன்னத்தில் பூனைமுடி அடர்த்தியாகும். ஒரு நாள் விட்டால் எரியும். எரிகிறதே என்று மறுபடி பூசினால் அடங்கும். இந்தச் சுழலில் மாட்டிக்கொண்ட முகங்களை வாரந்தோறும் பார்க்கிறேன்; பெரும்பாலும் உங்களைப் போல நம்பி வாங்கியவர்கள்தான். 14 வகை ஸ்டீராய்டுப் பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018இல் மத்திய அரசு விதியைத் திருத்திய பிறகும், கேட்டவுடன் எடுத்துக் கொடுப்பது நிற்கவில்லை. உங்கள்மேல் எந்தத் தவறும் இல்லை.

இன்னொரு குழாய் வாங்காதீர்கள். ஒரேயடியாக நிறுத்துவதா, படிப்படியாகக் குறைப்பதா என்பதைத் தோலை நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்பதால், இந்த வாரமே ஒரு தோல் மருத்துவரைப் பாருங்கள். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனாலே போதும். அதுவரை வாசனை சேர்க்காத சாதாரண மாய்ஸ்சரைசரும், எரியும்போது குளிர்ந்த நீரில் நனைத்த துணியும் போதும். ட்ரெட்டினோயின் தோலை வெயிலுக்குக் கூசச் செய்யும் மருந்து. அதைக் காலையில் பூசிக்கொண்டு கடலில் இறங்கியிருந்தால் சிவந்ததற்கு அதுவும் ஒரு காரணம். இன்னும் தாய்ப்பால் கொடுக்கிறீர்கள் என்றாலும், மறுபடி கருத்தரித்திருக்க வாய்ப்பு உண்டு என்றாலும் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இப்போது மங்குக்கு வருவோம். கர்ப்பத்தில் கூடும் ஹார்மோன்கள் தோலில் நிறமி தயாரிக்கும் செல்களை உசுப்பிவிடுகின்றன. பிரசவத்துக்குப் பிறகு பலருக்கு இது தானாகவே மங்கிப்போகும். உங்களுக்கு மறையாததற்கு முதல் காரணம் வெளிச்சம். கருத்தடை மாத்திரையோ மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் கருத்தடை ஊசியோ எடுத்துக்கொள்கிறீர்கள் என்றால் அதற்கும் பங்கு இருக்கலாம். நீங்களாக நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் கேளுங்கள். அரசு மருத்துவமனைகளில் போடும் காப்பர்-டியில் ஹார்மோன் இல்லை.

வெளிச்சம் என்று நான் சொன்னது வெயிலை மட்டும் அல்ல. உங்கள் முகத்துக்கு அது எத்தனை பக்கத்திலிருந்து வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். ராமேசுவரம் தீவு ஏறத்தாழ 9.3 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. சித்திரை பிறக்கும் நாளையொட்டியும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். நம் நிழல் காலடிக்குள் அடங்கிவிடும். மேலிருந்து வருவது இது. கீழிருந்தும் வருகிறது. புற ஊதாக் கதிரில் உலர்ந்த கடற்கரை மணல் சுமார் 15 சதவீதத்தையும், கடல் நுரை சுமார் 25 சதவீதத்தையும் திருப்பியடிக்கும் என்பது உலக சுகாதார நிறுவனம் தரும் கணக்கு. அரை மீட்டர் ஆழத் தண்ணீருக்குள்கூட மேலே இருப்பதில் 40 சதவீதம் இறங்குகிறதாம். தொப்பி போட்டும் கன்னம் கறுக்கிறதே என்று கடலோரப் பெண்கள் கேட்கும்போது இதைத்தான் சொல்கிறேன். லேசாக மேகம் மூடிய நாளிலும் இந்தக் கதிரில் பெரும்பகுதி கீழே வந்துவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் குளிர்ச்சியாக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள்.

நாத்தனார் கொடுத்ததைப் பற்றிக் கேட்டீர்கள். அதை மட்டும் பூசினால் போதாது. ஆனால் அது வீண்பொருளும் அல்ல. இரண்டையும் விளக்கிச் சொல்கிறேன்.

டப்பாவில் போட்டிருக்கும் எஸ்.பி.எஃப்., அதாவது வெயிலிலிருந்து காக்கும் அளவைச் சொல்லும் எண், ஆய்வுக்கூடத்தில் அளந்தது. ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் என்ற கணக்கில் கனமாகப் பூசி அளப்பார்கள். அந்தக் கனத்தில் 30 என்பது தோலைப் பொசுக்கும் கதிரில் 97 சதவீதத்தைத் தடுக்கும். 50 என்பது 98 சதவீதத்தை. இரண்டுக்கும் நடுவில் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் பூசும் அளவில்தான் இருக்கிறது. முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து, ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால்தான் அந்த அளவு வரும். ஃபவுண்டேஷனை யாரும் அவ்வளவு பூசமாட்டார்கள், பூசினால் முகம் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்ததுபோல் ஆகிவிடும். நாலைந்து பொட்டு வைத்துத் தேய்த்துவிடுவோம். அந்த மெல்லிய பூச்சில் டப்பாவில் இருக்கும் 30 உங்கள் முகத்துக்கு வந்து சேராது. எனவே அடியில் சன்ஸ்கிரீன் கட்டாயம் வேண்டும். எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாமல், பி.ஏ. என்ற எழுத்துக்குப் பக்கத்தில் மூன்று அல்லது நான்கு கூட்டல் குறி போட்டிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். எஸ்.பி.எஃப். சொல்வது தோல் வெந்து சிவப்பதைப் பற்றி. தோலுக்குள் ஆழமாக இறங்கிக் கறுக்கவைக்கும் கதிரைப் பற்றிச் சொல்வது அந்தக் கூட்டல் குறிகள்.

அப்படியானால் ஃபவுண்டேஷன் எதற்கு? நம்மைப் போன்ற பழுப்புத் தோலைக் கறுக்கவைக்க புற ஊதாக் கதிர்தான் வேண்டும் என்பதில்லை. கண்ணுக்குத் தெரியும் சாதாரண வெளிச்சமும், குறிப்பாக அதில் உள்ள நீலமும் ஊதாவும், மங்கைக் கருமையாக்கும். நிறமில்லாத சன்ஸ்கிரீன் இந்த வெளிச்சத்தைப் பெரும்பாலும் அப்படியே உள்ளே விட்டுவிடுகிறது. கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும் பூச்சு கண்ணுக்குத் தெரியும் ஒளியை எப்படித் தடுக்கும்? அதைத் தடுப்பது நிறம்தான். ஃபவுண்டேஷனுக்கும் நிறம் சேர்த்த சன்ஸ்கிரீனுக்கும் மஞ்சளும் சிவப்பும் தருபவை இரும்பு ஆக்சைடுகள். சாயல்குடிப் பக்கம் தேரி மண் சிவந்து கிடப்பதும் இரும்பு ஆக்சைடால்தான். அந்தச் செம்மண் துகள் முகத்தில் ஒரு மெல்லிய திரையாக நின்று வெளிச்சத்தை வாங்கிக்கொள்கிறது. மங்குக்கு நிறமுள்ள சன்ஸ்கிரீனை நாங்கள் விரும்பி எழுதுவது இதனால்தான். உங்கள் வீட்டாரிடம் இதைச் சொல்லுங்கள். உங்களுக்கு அந்த நிறப்பூச்சு சிகிச்சையில் ஒரு பகுதி. வெயிலில் நாள் முழுக்க நிற்கும் கிரிக்கெட் வீரர்கள் மூக்கிலும் கன்னத்திலும் வெள்ளையாக அப்பிக்கொள்கிறார்களே, அந்தத் துத்தநாக ஆக்சைடை யாரும் மேக்கப் என்று சொல்வதில்லை.

முகம் சாம்பல் பூப்பதற்கும் அதே துத்தநாக ஆக்சைடோ டைட்டானியம் டை ஆக்சைடோதான் காரணம். இரண்டும் வெள்ளைப் பொடிகள். கறுத்த, மாநிறத் தோலின்மேல் அவை சாம்பலாகத்தான் தெரியும். நிறம் சேர்த்ததை வாங்கினால் இந்தத் தொல்லை போய்விடும். ஆனால் நிறத்தைத் தேர்ந்தெடுப்பதில் ஏமாந்துவிடாதீர்கள். கடையில் புறங்கையில் தடவிப் பார்ப்பார்கள். கையின் நிறம் வேறு, முகத்தின் நிறம் வேறு. தாடையோரத்தில் ஒரு கோடு இழுத்துக்கொண்டு, குழல்விளக்கை விட்டு வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பத்து நிமிடம் பொறுங்கள். சில பூச்சுகள் காற்றுப்பட்டதும் ஒரு படி கறுக்கும். கழுத்தோடு கலந்து கோடே தெரியாமல் போனால் அதுதான் உங்கள் நிறம். ஒரு படி வெளுப்பாக எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள், கேட்காதீர்கள். நம் தோலின் நிறம் நோய் அல்ல, அதை மாற்றவும் வேண்டியதில்லை. மங்கு விழுந்த இடம் சுற்றியுள்ள கன்னத்தின் நிறத்துக்குத் திரும்ப வேண்டும், அவ்வளவுதான்.

வெளுப்பு என்றதும் இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் பெட்டியில் ஃபவுண்டேஷனோடு வெளுப்பு க்ரீம்களும் வரும். உட்பொருள் பட்டியலோ தயாரிப்பாளர் முகவரியோ இல்லாத வெளுப்பு க்ரீமை யார் கொடுத்தாலும் தொடாதீர்கள். அவற்றில் சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. பக்கத்திலேயே கேரளத்தில், மலப்புரம் மாவட்டத்தில், இப்படிப்பட்ட க்ரீம்களைப் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது 2023இல் வெளியே வந்தது.

கடல் வேலைக்குக் கல்யாண ஃபவுண்டேஷன் சரிப்படாது. வியர்வையிலும் உப்புத் தண்ணீரிலும் அரை மணியில் வழிந்துவிடும். தண்ணீரில் 80 நிமிடம் நிற்கும் என்று எழுதியிருக்கும், துத்தநாக ஆக்சைடு கலந்த, நிறமுள்ள சன்ஸ்கிரீனைப் பூசி, கால் மணி நேரம் காயவிட்டு இறங்குங்கள். ஆக்சிபென்சோன் என்ற பொருள் இல்லாததாக இருந்தால் நல்லது. அது பவளக் குஞ்சுகளைக் கெடுப்பதாக ஆய்வுக்கூடச் சோதனைகளில் கண்டதால், ஹவாய்த் தீவுகளில் 2021 முதல் அந்தப் பொருள் கலந்த சன்ஸ்கிரீன் விற்பனைக்குத் தடை இருக்கிறது. நம் மன்னார் வளைகுடாவிலும் 21 தீவுகளைச் சுற்றிப் பவளப் பாறைகள் இருக்கின்றன; அந்தக் கடலோடுதான் உங்கள் பிழைப்பும்.

விலையையும் கணக்குப் பார்த்தேன். இரண்டு விரல் அளவு என்றால் ஒரு தடவைக்கு ஒரு கிராமுக்குச் சற்று மேலே. 50 கிராம் குழாய், நாளுக்கு ஒரு தடவை என்றால் ஆறு வாரம் வரும். மூன்று தடவை என்றால் இரண்டு வாரத்தில் தீர்ந்துவிடும். எல்லா வீட்டாலும் இது முடியாது. அதனால் துணியை முதல் காவலாக வையுங்கள். மரிக்கொழுந்துப் பாசி எடுக்க முங்கும் பெண்கள் சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்கிறார்களே, அந்த ஏற்பாடு அருமையானது. முகத்தைச் சுற்றிக் கட்டும் துணி நெருக்கமான நெசவாக, அடர்ந்த நிறமாக இருக்கட்டும். மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணி நனைந்தால் கதிரை உள்ளே விட்டுவிடும். கரையில் உலர்ந்த துணி ஒன்றைத் தயாராக வைத்திருங்கள். அகலமான பனையோலைத் தொப்பி இருந்தால் இன்னும் நல்லது. இதையெல்லாம் செய்தால் கன்னம், மூக்கு, மேலுதடு என்று வெளியே தெரியும் இடத்துக்கு மட்டும் பூச்சுப் போதும். கரையேறியதும் நல்ல தண்ணீரில் முகத்தைக் கழுவி, ஒற்றித் துடைத்து, பாசி காயவைக்கப் போகும்முன் மறுபடி பூசுங்கள்.

பீர்க்கங்காய் நாரைக் கொண்டு முகத்தைத் தேய்க்காதீர்கள்; தேய்த்த இடம் இன்னும் கறுக்கும். எலுமிச்சைச் சாறு வேண்டவே வேண்டாம். சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளம் கிளம்பி மாதக்கணக்கில் நிற்கும் கறுப்புத் தழும்பு விழும். விறகடுப்பின் அனலும் மங்குக்கு ஆகாது.

கல்யாணத்துக்கு வருகிறேன். எரிச்சல் முழுக்க அடங்கும்வரை ஃபவுண்டேஷனைத் தொடாதீர்கள். அடங்கிய பிறகு காதுக்குக் கீழே சிறிது பூசி இரண்டு மூன்று நாள் பாருங்கள். அரிக்காவிட்டால் முகத்துக்குப் போகலாம். அன்று முதலில் சன்ஸ்கிரீன், அது படிந்த பிறகு ஃபவுண்டேஷன். இழுத்துத் தேய்த்தால் அடியில் இருப்பது பெயர்ந்துவிடும்; ஒற்றி ஒற்றி வையுங்கள். மங்கு மேல் மட்டும் இன்னொரு சுற்று ஒற்றினால் முகம் முழுக்கக் கனமாகப் பூச வேண்டியிருக்காது. வெள்ளைப் பொடி கலந்த சன்ஸ்கிரீன் ஃப்ளாஷ் வெளிச்சத்தில் முகத்தைச் சுண்ணாம்பாகக் காட்டும். இரண்டு நாள் முன்னதாகவே பூசி, இரவில் செல்பேசியில் ஃப்ளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துப் பாருங்கள். மணப்பெண்ணுக்கு அலங்காரம் செய்பவரின் ஸ்பாஞ்சை வாங்கிப் பூசிக்கொள்ளாதீர்கள், உங்களுடையதைக் கொண்டுபோங்கள். எவ்வளவு அலுப்பாக இருந்தாலும் இரவு கழுவிவிட்டுத் தூங்குங்கள்.

மங்கு குறைய எப்படியும் மூன்று மாதமாவது பிடிக்கும், கோடையில் மறுபடி தலைகாட்டவும் செய்யும். ஸ்டீராய்டு இல்லாமலே அதற்கு மருந்துகள் இருக்கின்றன. உங்கள் தோல் தேறிய பிறகு மருத்துவர் தொடங்குவார். முகம் சிவப்பதோடு மூட்டுவலி, வாய்ப்புண், காய்ச்சல் ஏதாவது சேர்ந்திருந்தால் அதையும் சொல்லுங்கள்; அது வேறு நோயாக இருக்கலாம், ரத்தப் பரிசோதனை தேவைப்படும். மருத்துவமனைக்குப் போகும் நாளில் முகத்தில் எதுவும் பூசாமல், பாதி தீர்ந்த அந்தக் குழாயையும் நாத்தனார் கொடுத்த டப்பாவையும் ஒரு பையில் போட்டுக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.