மொடலிலிருந்து ஜாவா கோட்: பில்டுக்குள் தானாக ஓட வைப்பது (கேள்வி பதில்)

எக்லிப்ஸ் இஎம்எஃப் (மொடலிலிருந்து ஜாவா கோட் உருவாக்கும் கருவி), மேவன், கிரேடில் (இரண்டும் கோட்டைக் கம்பைல் செய்து மென்பொருளாகக் கட்டும், அதாவது 'பில்ட்' பண்ணும் கருவிகள்) வைத்து வேலை செய்கிற ஆக்கள் கேட்டவை. முதல் இரண்டு கேள்விக்கும் பதில் கொஞ்சம் நீளம். சிக்கலும் அங்கேதான் கூட.

கிளிநொச்சி, பொறியியல் பீட மாணவர்: அக்கா, கூட்டுறவுச் சங்கத்துக்கு ஒரு எக்கோர் மொடல் (வகுப்புகளை விவரிக்கிற இஎம்எஃப் கோப்பு) செய்திருக்கிறம். மொடலை மாத்தினால் ஒவ்வொருக்காலும் எக்லிப்ஸில ஜென்மொடலை (கோட் எப்பிடி உருவாகவேணும் எண்டு சொல்லுற கோப்பு) திறந்து ரைட் கிளிக் பண்ணி ஜெனரேட் குடுக்க வேண்டிக் கிடக்கு. மேவன் இதைத் தானாச் செய்யாதோ?

செய்யும் தம்பி. எம்டபிள்யூஇ2 (கோட் உருவாக்கும் படிகளை வரிசையாக ஓட்டும் எக்லிப்ஸ் கருவி) வேர்க்ஃப்ளோ கோப்பு ஒன்று எழுதுங்கோ. அதுக்குள் இரண்டு துண்டு போதும்: முதலில் ஸ்டாண்ட்அலோன்செட்டப், பிறகு எக்கோர்ஜெனரேட்டர். ஜெனரேட்டருக்கு ஜென்மொடலின் பாதையையும் கையால் எழுதிய கோட் இருக்கும் பாதையையும் கொடுக்கவேணும். இந்த வேர்க்ஃப்ளோவை எக்செக் மேவன் பிளகின்னின் 'ஜாவா' கோலால் (கோல் என்றால் பிளகின் செய்யும் ஒரு வேலை), கம்பைலுக்கு முன் வரும் ஜெனரேட்-சோர்சஸ் கட்டத்தில் ஓட்டுங்கோ. மெயின் வகுப்பு எம்டபிள்யூஇ2லோஞ்சர். ஜெனரேட்டர் ஜார்களை புரொஜெக்ட்டின் டிபென்டன்சியாக (சார்ந்திருக்கும் நூலகமாக) போடாமல் அந்தப் பிளகின்னுக்குள்ளேயே போட்டு, பிளகின் டிபென்டன்சிகளையும் சேர்க்கும் தெரிவை 'ட்ரூ' ஆக்குங்கோ. இல்லாவிட்டால் நீங்கள் கடைசியில் கொடுக்கும் மென்பொருளுக்குள் பாதி எக்லிப்ஸ் ஏறி உட்கார்ந்திருக்கும்.

இனி பில்ட்-ஹெல்பர் பிளகின்னின் ஆட்-சோர்ஸ் கோலால், கோட் வந்து விழும் ஃபோல்டரை மேவனுக்குக் காட்டவேணும். இதை விட்டால் கோப்புகள் கண்முன்னே கிடக்கும், கம்பைலர் மட்டும் 'சிம்பலைக் காணேல்லை' என்று நிற்கும்.

அதே மாணவர்: செய்தன் அக்கா, என்ர லாப்டொப்பில ஓடுது. செர்வரில கிற்றில (கோட்டைப் பதிந்து வைக்கிற களஞ்சியம்) இருந்து எடுத்து ஓட்டினால் 'பிளாட்ஃபோர்ம் ரிசோர்ஸ்' பாதையைத் திறக்கேலாது எண்டுது.

டொட் புரொஜெக்ட் கோப்பு கிற்றுக்குள் இருக்கா என்று பாருங்கோ. 'ஐடிஈ குப்பை' என்று கிற்-இக்னோருக்குள் தள்ளியிருப்பியள். ஸ்டாண்ட்அலோன்செட்டப்புக்குக் கொடுத்த பிளாட்ஃபோர்ம் பாதைக்குக் கீழே அது தேடுவதே அந்தக் கோப்பைத்தான். அதில் எழுதியிருக்கும் பெயரை வைத்துத்தான் எந்தப் புரொஜெக்ட் எந்த ஃபோல்டரில் என்று பதிந்துகொள்ளும். எக்லிப்ஸ் வேர்க்ஸ்பேஸ் இல்லாத இடத்தில், நீங்கள் வேறாகச் சொல்லிக் கொடுக்காவிட்டால் அது நம்புவது இதைத்தான். அந்த ஒரு கோப்பைக் கிற்றில் சேர்த்தால் சரி. ஃபோல்டரின் பெயரை மாற்றியிருந்தாலும் கோப்புக்குள் இருக்கும் பெயரும் மொடலில் எழுதிய பெயரும் ஒன்றாக இருக்கவேணும்.

சாவகச்சேரியிலிருந்து ஒருவர்: உருவான அங்கத்தவர் வகுப்புக்குள்ள வட்டி கணக்கிடுற மெதட் ஒண்டைக் கையால எழுதி 'ஜெனரேட்டட் நொட்' (இதை மேலெழுதாதே எண்ட குறி) எண்டு போட்டனான். ஒரு நாள் பார்த்தால் மெதட்டைக் காணேல்லை.

'ஜெனரேட்டட் நொட்' காப்பாற்றும், ஆனால் பழைய கோப்பு அங்கே இருந்தால் மட்டும். இஎம்எஃப் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துத்தான் ஒட்டுகிறது. வேர்க்ஃப்ளோவில் டைரக்டரி கிளீனர் (உருவாக்க முன் ஃபோல்டரைத் துடைக்கும் துண்டு) போட்டிருந்தால் ஒட்டுவதற்குப் பழையது இல்லை. கிளீனரை எடுத்தாலும் வில்லங்கம்: மொடலில் நீக்கிய வகுப்பின் ஜாவா கோப்பை இஎம்எஃப் அழிக்காது, அது அநாதையாகக் கிடந்து கம்பைல் ஆகும்.

ஆகவே உருவாகும் ஃபோல்டருக்கும் கையால் எழுதும் ஃபோல்டருக்கும் நடுவில் வேலி போடுங்கோ. சின்ன மெதட் என்றால் எக்கோரில் அந்த ஒபரேஷனின் மேல் ஜென்மொடல் அனொட்டேஷன் வைத்து, 'பொடி' என்ற கீக்கு ஜாவா வரிகளையே கொடுக்கலாம். ஒவ்வொரு முறையும் அதுவும் சேர்ந்து உருவாகும். ஐந்தாறு வரியைத் தாண்டினால் தனி வகுப்புக்குக் கொண்டுபோய், 'பொடி'யில் அதைக் கூப்பிடும் ஒற்றை வரி மட்டும் வையுங்கோ. எக்ஸ்எம்எல்லுக்குள் இருக்கும் ஜாவாவுக்கு டிபக்கரும் இல்லை, பிழைத்திருத்தம் காட்ட ஆளும் இல்லை.

கோண்டாவில் வாசகி: உருவான கோட்டைக் கிற்றில போடுறதோ?

வேண்டாம். மொடல், டெம்பிளேட் (உருவாகும் கோட்டின் அச்சு), ஜெனரேட்டரின் நிச்சயமான வேர்ஷன் எண் மூன்றும் இருந்தால் போதும். உங்கள் கோட்டை எடுப்பவரிடம் ஜெனரேட்டர் ஓட வழியில்லை என்றால் மட்டும் போடலாம்.

நல்லூரிலிருந்து: கிரேடிலில் டெம்பிளேட்டை மாத்தினாலும் 'அப்-டு-டேட்' எண்டு சொல்லிப்போட்டுப் பேசாமல் இருக்குது.

கோட் உருவாக்கும் டாஸ்க்கின் (கிரேடில் ஓட்டும் ஒரு வேலை) இன்புட்டாக மொடலை மட்டும் அறிவித்திருப்பியள். டெம்பிளேட் ஃபோல்டரும் ஜெனரேட்டரின் கிளாஸ்பாத்தும் இன்புட்தான். அவுட்புட் ஃபோல்டருக்குள் வேறு எந்த டாஸ்க்கும் எழுதக்கூடாது. சோர்ஸ்செட்டில் (கம்பைல் ஆகவேண்டிய ஃபோல்டர்களின் பட்டியல்) ஃபோல்டரின் பெயரை எழுதாமல் அந்த டாஸ்க்கையே கொடுங்கோ. கம்பைலுக்கு முன் இது ஓடவேணும் என்பதைக் கிரேடில் தானே பிடித்துக்கொள்ளும். வெறும் பெயரைக் கொடுத்தவர்களுக்குத்தான் கிளீன் பண்ணின பிறகு முதல்முறை விழுந்து இரண்டாம்முறை ஓடும் பில்ட் கிடைக்கிறது.

மானிப்பாய் வாசகர்: மொடலில 'சேமிப்புக் கணக்கு' எண்டு தமிழில லேபல் இருக்கு. விண்டோஸ் மெஷினில பில்ட் பண்ணினால் எல்லாம் கேள்விக்குறி.

முதலில் என்ன குப்பை என்று பாருங்கோ. கேள்விக்குறி என்றால் ஜெனரேட்டர் தமிழ் இல்லாத என்கோடிங்கில் (எழுத்தைப் பைட்டாக்கும் முறை) எழுதிவிட்டது. அந்தக் கோப்பைத் திருத்தேலாது, திரும்ப உருவாக்கவேணும். எழுத்துக்கு மூன்று மூன்றாகக் கொம்பு முளைத்த இலத்தீன் எழுத்துகள் வந்தால் கோப்பு சரி, வாசித்தவர்தான் பிழை: யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட்.

பொம்மில் (மேவனின் அமைப்புக் கோப்பு) இருக்கும் சோர்ஸ் என்கோடிங் கம்பைலருக்கும் அதை மதிக்கும் பிளகின்களுக்கும்தான். ஜெனரேட்டர் ஜேவிஎம்மின் (ஜாவாவை ஓட்டும் இயந்திரம்) இயல்பு என்கோடிங்கில் எழுதினால் அது உதவாது. ஜாவா 18இலிருந்து இயல்பே யூடிஎஃப்-8. 17 அல்லது அதற்குக் கீழே என்றால், புரொஜெக்ட்டின் டொட்-எம்விஎன் ஃபோல்டரில் ஜேவிஎம் கொன்ஃபிக் கோப்பு வைத்து ஃபைல் என்கோடிங்கை யூடிஎஃப்-8 ஆக்குங்கோ. ஆளாளுக்குக் கொம்பியூட்டரில் செட் பண்ணச் சொன்னால் ஒருவர் மறப்பார்.

அவரே: அப்ப வகுப்புப் பெயரையும் தமிழில வைக்கலாமோ?

ஜாவா ஏற்கும். 'கெட்' ஆங்கிலத்திலும் 'பெயர்' தமிழிலும் ஒட்டி வரும் மெதட்டுகளைப் பொறுத்துக்கொள்ளலாம். சிக்கல் 'பொருள்' போன்ற சொல்லில். 'ொ' ஒரே குறியீடாகவும் வரலாம், 'ெ'யும் 'ா'வும் சேர்ந்த இரண்டாகவும் வரலாம். கண்ணுக்கு ஒன்றுதான்; ஜாவாவுக்கு இரண்டு வேறு பெயர்கள். மொடலில் ஒருவகையும் கையால் எழுதிய கோட்டில் மற்றவகையும் விழுந்தால், 'பொருள்' இல்லை என்று கம்பைலர் சொல்லும், நீங்கள் திரையில் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பியள். விடாப்பிடியாக வைப்பதென்றால் ஜெனரேட் பண்ண முன் மொடலின் பெயர்கள் எல்லாவற்றையும் ஜாவாவின் நோர்மலைசரால் என்எஃப்சி வடிவத்துக்கு ('ொ'வை ஒரே குறியீடாக்கும் வடிவம்) கொண்டுவந்து, கையால் எழுதும் கோட்டையும் அதே சோதனையால் விடுங்கோ. என்னைக் கேட்டால் பெயர் ஆங்கிலத்தில் இருக்கட்டும், லேபல் தமிழில் இருக்கட்டும்.

சுன்னாகத்திலிருந்து: மொடலில ஒண்டும் மாறேல்லை, ஆனா ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கோட் மாறி வருது.

மூன்று இடம் பாருங்கோ. தலைப்பில் திகதி எழுதுகிறதா? எக்ஸ்ஜேசி (எக்ஸ்எம்எல் ஸ்கீமாவிலிருந்து ஜாவா உருவாக்கும் கருவி) என்றால் 'நோ ஹெடர்' தெரிவு அதை நிறுத்தும். வரி முடிவு விண்டோஸில் ஒன்றும் லினக்ஸில் ஒன்றுமா? சொந்த டெம்பிளேட் என்றால் ஹாஷ்மாப்பைச் சுற்றி எழுதுகிறீர்களா? அதன் வரிசைக்கு உத்தரவாதம் இல்லை. லிங்க்ட்ஹாஷ்மாப் அல்லது ட்ரீமாப் போடுங்கோ. அனேகமாக மூன்றாவதுதான்.