காரை விற்றுவிட்டுச் சைக்கிளுக்கு மாறலாமா?

கேள்வி: எனக்கு வயது 41. தண்டையார்பேட்டையில் அப்பா கட்டிய வீட்டில் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறேன். பாரிமுனையில் ஓர் அலுவலகத்தில் வேலை. பிடித்தம் போகக் கைக்கு வருவது 58,000 ரூபாய். மூன்று வருடத்துக்கு முன் 6 லட்சம் கடன் போட்டு, 7 வருடத் தவணையில் கார் வாங்கினேன். மாதத் தவணை 9,800. போன மாதம் ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 6.1 என்று வந்தது. அலுவலகம் ஆறு கிலோமீட்டர்தான் என்பதால், காரை விற்றுவிட்டுச் சைக்கிளில் போக நினைக்கிறேன். காருக்கு 4.25 லட்சம் தருவதாகச் சொல்கிறார்கள். கடன் பாக்கி 3.90 லட்சம் போக 35,000 மிஞ்சும். 62,000 ரூபாய்க்கு ஓர் எலெக்ட்ரிக் சைக்கிள் பார்த்து வைத்திருக்கிறேன், வட்டியில்லாத் தவணையில் தருகிறார்கள். ஒன்றரை வருடம் முன் மச்சானின் (மனைவியின் தம்பி) கடைக்காகக் காரின் மேல் 2 லட்சம் டாப்-அப் கடன் வாங்கிக் கொடுத்தேன், அது தனி. அவர் இப்போது, “காரை விக்காதீங்க மாமா, எனக்குக் கொடுங்க, வாடகைக்கு ஓட்டி டியூவை நான் கட்டுறேன்” என்கிறார். நம்ம ஏரியா ரோட்டில் சைக்கிள் ஓட்டினால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று வீட்டில் பயப்படுகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: “அது தனி” என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்தில்தான் உங்கள் கணக்கு மொத்தமும் உடைகிறது. அது தனி இல்லை.

நான் கேட்டதும் கடன் அறிக்கையையும் சேமிப்பு, காப்பீடு, மாதச் செலவு விவரங்களையும் அனுப்பி வைத்ததற்கு நன்றி. அறிக்கையின் முதல் பக்கத்தைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். இரண்டு கடன் எண்கள் இருக்கின்றன. இரண்டுக்கும் கீழே அடமானம் என்ற இடத்தில் இருப்பது ஒரே வண்டி எண், உங்கள் கார். டாப்-அப் கடனுக்கும் கார்தான் ஈடு. இரண்டையும் முடித்தால்தான் வங்கி தடையில்லாச் சான்று தரும். அந்தச் சான்று இல்லாமல் ஆர்.சி. புத்தகத்திலிருந்து வங்கியின் பெயர் நீங்காது, வாங்குகிறவர் பெயருக்கும் மாற்ற முடியாது.

சரி, கணக்கைத் திரும்பப் போடுவோம். கார் கடன் பாக்கி 3.90 லட்சம். டாப்-அப் பாக்கி சுமார் 1.38 லட்சம். இரண்டும் சேர்த்து 5.28 லட்சம். முன்கூட்டியே அடைப்பதற்கான கட்டணம் உங்கள் ஒப்பந்தப்படி 3 சதவீதம், அதன் மேல் ஜி.எஸ்.டி.; சுமாராக 19,000 ரூபாய். ஆக 5.47 லட்சம் கட்டினால்தான் கார் உங்கள் கையை விட்டுப் போகும். விலையோ 4.25 லட்சம். 35,000 மிஞ்சாது, 1.22 லட்சம் துண்டு விழும்.

இதை எழுதும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் உங்கள் எண்ணம் நல்ல எண்ணம். சர்க்கரையைப் பார்த்துப் பயந்து ஜிம்முக்கு வருடச் சந்தா கட்டுகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். நீங்கள் செலவைக் குறைத்துக்கொண்டே உடம்பைச் சரிசெய்யப் பார்க்கிறீர்கள். அதற்குக் குறுக்கே நிற்பது ரோடும் இல்லை, லாரியும் இல்லை. அடுத்தவர் தேவைக்கு உங்கள் பெயரில் கடன் வாங்கும் பழக்கம்தான். கையில் பணம் இருந்து கொடுத்திருந்தால் கொடுத்ததோடு முடிந்திருக்கும். நீங்கள் கொடுத்தது உங்கள் பெயரை. மச்சான் முதல் ஐந்து மாதம் பணம் அனுப்பியிருக்கிறார். அதன் பிறகு 13 மாதமாக 5,465 ரூபாய் உங்கள் சம்பளத்திலிருந்து போகிறது. 71,000 ரூபாய் ஆகிவிட்டது. அவரைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. கடை ஓடவில்லை என்றால் அவர் எங்கிருந்து தருவார்? ஆனால் அவர் கடை ஓடாததற்கான தண்டத்தை 5-ஆம் தேதி தோறும் உங்கள் வீடு கட்டிக்கொண்டிருக்கிறது.

இப்போது அதே மச்சான் காரைக் கேட்கிறார். இதற்கு என் பதில் ஒரே சொல்: வேண்டாம். உங்கள் கார் வெள்ளை நம்பர் பலகை கொண்ட சொந்த உபயோக வண்டி. அதை வாடகைக்கு ஓட்டுவது சட்டப்படி தவறு. விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் அந்தக் காரணத்தைக் காட்டியே கைவிரிக்கலாம். அடிபட்டவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு உங்களிடமிருந்து வசூலிக்கவும் வழி உண்டு. உங்களிடமிருந்து என்றால் உங்களிடமிருந்துதான், மச்சானிடமிருந்து இல்லை. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், நஷ்டஈட்டுப் பொறுப்பும் அவருக்கே என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. வண்டி நாலு கை மாறிப் போயிருந்தாலும் அப்படித்தான். விபத்து நஷ்டஈடு லட்சக்கணக்கில் போகும். அப்பா கட்டிய வீட்டை அதற்குப் பணயம் வைக்காதீர்கள்.

காரை விற்றுவிடுங்கள். துண்டு விழும் 1.22 லட்சத்துக்கு, மாதாமாதம் போட்டுவரும் ஆர்.டி. சேமிப்பில் இருக்கும் 1.40 லட்சத்தை எடுங்கள். அவசரத்துக்கு வைத்த பணத்தை எடுக்கச் சொல்கிறாரே என்று தோன்றும். ஆர்.டி. தருவது 6.5 சதவீதம், டாப்-அப் தின்பது 14 சதவீதம். இரண்டு கடனையும் கடைசி வரை கட்டினால் இனி போகும் வட்டி மட்டும் ஒரு லட்சத்தைத் தாண்டும். 19,000 கட்டணம் அதற்கு முன்னால் சிறியது.

மாதச் செலவைப் பாருங்கள். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் மாதம் 2,900. பாரிமுனையில் வண்டி நிறுத்த 2,000. காப்பீடு, சர்வீஸ் இரண்டையும் மாதத்துக்குப் பிரித்தால் 1,900. ஆக ஓட்டும் செலவு 6,800. இதில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவுக்கு 2,000, மழை நாள் மெட்ரோவுக்கும் சைக்கிள் பராமரிப்புக்கும் 600 என்று கழித்தாலும் 4,200 மிஞ்சும். நின்றுபோகும் இரண்டு தவணையும் சேர்ந்தால் மாதம் 19,000 ரூபாய்க்கு மேல் கையில் நிற்கும். ஆர்.டி.யில் எடுத்த பணம் ஏழே மாதத்தில் திரும்ப வந்துவிடும். அந்த ஏழு மாதமும் புதிதாக எதிலும் பணம் போடாதீர்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள்.

எலெக்ட்ரிக் சைக்கிள் மேல் எனக்கு விரோதம் இல்லை. முட்டிவலி உள்ளவருக்கும் தினம் இருபது கிலோமீட்டர் போகிறவருக்கும் அது நல்ல வண்டி. நீங்கள் போவது ஆறு கிலோமீட்டர். வடசென்னை தட்டையான ஊர், பாலம் ஏறுவதைத் தவிர மேடே கிடையாது. சர்க்கரைக்காக மிதிக்கப் போகிறவருக்கு மோட்டார் எதற்கு? “வட்டியில்லாத் தவணை” என்பதையும் நம்பாதீர்கள். ரொக்கத்துக்குக் கிடைத்திருக்கும் தள்ளுபடியை விட்டுக்கொடுத்து அந்த வட்டியை நீங்களே கட்டுகிறீர்கள். கிரெடிட் கார்டில் என்றால் அந்த வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேரும். இரண்டு தவணையை முடித்த கையோடு மூன்றாவதை ஆரம்பிக்க வேண்டாம். மட்கார்டு, ஸ்டாண்டு, கேரியர் உள்ள சாதாரண சைக்கிள் 12,000 முதல் 15,000 ரூபாய்க்குள் கிடைக்கும். 2025 செப்டம்பரில் சைக்கிளுக்கான ஜி.எஸ்.டி. 12-இலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. ஹெல்மெட், முன்னும் பின்னும் விளக்கு, நல்ல பூட்டு ஆகியவற்றுக்கு 3,500 ஒதுக்குங்கள், இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

இனி உங்கள் வீட்டாரின் பயம். அது நியாயமான பயம், அதைப் பேச்சில் தட்டிக்கழிக்க மாட்டேன். எண்ணூர் விரைவுச்சாலையிலும் காசிமேடு முதல் துறைமுகத்தின் ஜீரோ கேட் வரையிலும் கன்டெய்னர் டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்பதை நீங்கள் தினமும் பார்க்கிறவர். அந்த வழியில் சைக்கிளோடு போகவே போகாதீர்கள், பத்து நிமிடம் மிச்சமானாலும் சரி. டிரெய்லர் இடப்பக்கம் திரும்பும்போது முன்பக்கம் அகலமாக வெளியே போகும், பின் சக்கரங்கள் உள்ளே வெட்டிக்கொண்டு வரும். அந்த இடைவெளியைப் பார்த்து, வழி இருக்கிறது என்று நுழைகிறவர்தான் மாட்டிக்கொள்கிறார். டிரைவருக்கு அந்தப் பக்கம் தெரிவதே இல்லை. எந்தச் சந்திப்பிலும் கனரக வண்டியின் இடப்பக்கம் நிற்காதீர்கள். அது போகட்டும், நீங்கள் பின்னால் போங்கள்.

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு துணிக்கடைகள் திறப்பதற்கு முன் காலியாக இருக்கும்; காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் அந்த வழி நல்லது. மாலையில் கூட்டம்தான், ஆனால் கூட்டத்தில் வண்டிகள் ஊர்ந்து போவதால் அடிபட்டாலும் சிராய்ப்போடு போகும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை பெய்து தண்ணீர் நிற்கும் நாளில் சைக்கிளைத் தொடாதீர்கள். தண்ணீருக்கு அடியில் பள்ளமா, மூடி இல்லாத மேன்ஹோலா என்று யாருக்கும் தெரியாது. அதற்குத்தான் மெட்ரோ இருக்கிறது. 2021-இல் விம்கோ நகர் வரை நீண்ட பிறகு தண்டையார்பேட்டையில் ஏறி உயர் நீதிமன்றத்தில் இறங்க ஒரு வழிக்கு 20, 30 ரூபாய்தான். மே மாத வெயிலுக்கும் இதே வழி. மாற்றுச் சட்டை ஒன்றை அலுவலகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

போக 25 நிமிடம், வர 25 நிமிடம். வாரம் ஐந்து நாளுக்கு 250 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரம் 150 நிமிடம். 6.1 என்பது சர்க்கரை நோய்க்கு முந்தைய படி, இறங்கி வர இன்னும் வாய்ப்புள்ள படி. மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

காரை விற்கும்போது பலர் கவனிக்காத ஒன்று உண்டு. கார் காப்பீட்டோடு உரிமையாளர்-ஓட்டுநருக்கு 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு சேர்ந்து வருகிறது. கார் போனால் அதுவும் போகும். சைக்கிளில் உங்களை மோட்டார் வண்டி இடித்தால் அந்த வண்டியின் காப்பீட்டிலிருந்து நஷ்டஈடு கேட்கலாம். இடித்தவர் நிற்காமல் போய்விட்டால் அரசுத் திட்டத்தில் உயிரிழப்புக்கு 2 லட்சம், படுகாயத்துக்கு 50,000, அவ்வளவுதான். நீங்களாகப் பள்ளத்தில் விழுந்து கையை உடைத்துக்கொண்டால் யாரும் தரமாட்டார்கள். அதனால் சைக்கிள் வாங்கும் முன் தனிநபர் விபத்துக் காப்பீடு ஒன்று எடுங்கள். வேலைக்குப் போக முடியாத வாரங்களுக்குப் பணம் தரும் பிரிவு அதில் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். எலும்பு முறிந்து இரண்டு மாதம் படுத்தால் அதுதான் கைகொடுக்கும். “கட்டிய பிரீமியம் முழுக்கத் திரும்பக் கிடைக்கும்” என்று யாராவது வேறொன்றைக் காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள், அந்தப் பணம் உங்களிடமிருந்து கூடுதலாக வாங்கியதுதான். வங்கிக் கணக்கில் வருடம் 20 ரூபாய் பிடித்துக்கொள்ளும் பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்தையும் போட்டு வையுங்கள், 2 லட்சம் காப்பீடு. மனைவிக்கும் சேர்த்து.

கார் காப்பீடு அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டும் என்கிறீர்கள். அதற்குள் விற்க முடிந்தால் அந்தப் பணம் மிச்சம். முடியாவிட்டால் மூன்றாம் நபர் காப்பீடாவது போடாமல் ஒரு நாளும் வண்டியை வெளியே எடுக்காதீர்கள். விற்றதும் பெயர் மாற்றப் படிவங்கள் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம், முடிந்தது என்று இருந்துவிடாமல், ஆர்.சி.யில் பெயர் மாறியதைக் கண்ணால் பார்க்கும் வரை விடாதீர்கள். ஃபாஸ்டேகை மூடுங்கள். நோ கிளெய்ம் போனஸுக்கான கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். மூன்று வருடத்துக்குள் மனம் மாறி வேறு கார் வாங்கினால் அதன் காப்பீட்டில் தள்ளுபடி கிடைக்கும்.

அதற்கு முன் ஒரு வேலை. மூவாயிரம் நாலாயிரத்துக்குப் பழைய சைக்கிள் ஒன்று வாங்கி, மூன்று வாரம் அலுவலகம் போய்ப் பாருங்கள். கார் வீட்டில் நிற்கட்டும். மூன்று வாரத்தில் பத்து நாளாவது போக முடிந்தால் விற்பனைக்குப் பேசுங்கள். முடியவில்லை என்றாலும் கார் வேண்டாம் என்பதே என் கருத்து. மெட்ரோ இருக்கிறது, அதிகாலையில் நடக்கலாம்.

மச்சான் இனி பணம் தந்தால் பிள்ளைகள் பெயரில் போடுங்கள், வராது என்றே கணக்கு வையுங்கள். மறுபடி கேட்டு வந்தால், கையில் இருப்பதில் முடிந்ததைக் கொடுங்கள், ஐயாயிரமோ பத்தாயிரமோ. உங்கள் கையெழுத்தை மட்டும் கொடுக்காதீர்கள், ஜாமீனாகவும்கூட. இந்த விஷயத்தில் உங்கள் மனைவிக்கு 13 மாதக் கணக்கு தெரியுமா என்று நீங்கள் எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவரை உட்கார வைத்து அந்த அறிக்கையின் முதல் பக்கத்தைக் காட்டுங்கள். தம்பியிடம் யார் பேசுவது என்பதை அவரே சொல்லட்டும்.