அருமண்ணும் நம்ம மலை மண்ணும்: கேள்வி பதில்

(கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலை விவசாயிகளின் கேள்விகளுக்கு, ஓய்வுபெற்ற நிலவியல் ஆசிரியர் ஒருவரின் பதில்கள்.)

சார், சீனாவில் வெறும் களிமண்ணிலிருந்து அருமண் தனிமங்களை எடுக்கிறார்களாமே, எப்படி?

நல்ல கேள்வி. அருமண் தனிமங்கள் என்பவை காந்தம், மின்னணுச் சாதனங்களுக்கு வேண்டிய ஒரு வகை உலோகங்கள். அங்கே அது தனிக் கனிமமாக இல்லை, களிமண்ணில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கிரானைட் பாறை மழையில் லட்சக்கணக்கான வருஷம் மக்கும்போது டிஸ்ப்ரோசியம், இட்ரியம் போன்ற அருமண் தனிமங்கள் அயனிகளாக (மின்னூட்டம் ஏறிய அணுக்களாக) தண்ணீரோடு கீழே இறங்கும். பாறையிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் அதற்குள் கயோலினைட் களிமண்ணாகியிருக்கும். களிமண் துகளின் மேல் எதிர்மின்னூட்டம், இறங்கி வரும் அயனிக்கு மூன்று நேர்மின்னூட்டம். பிடித்துக்கொள்ளும். மேல்மண்ணில் அமிலம் அதிகம், அதனால் அங்கே நிற்காமல் அடியில் போய்த் தங்குகிறது. சீரியம் என்ற அருமண் தனிமம் மட்டும் காற்றுப்பட்டு ஆக்சைடாகி மேலேயே நின்றுவிடும்.

எடுப்பதற்கு அம்மோனியம் சல்பேட் கரைசலை விடுகிறார்கள். பஸ்ஸில் சீட் மாறுவது மாதிரிதான்: ஒரு அருமண் அயனி எழுந்திருக்க மூன்று அம்மோனியம் உட்கார வேண்டும். வெளியே வரும் கரைசலில் ஆக்சாலிக் அமிலமோ அம்மோனியம் பைகார்பனேட்டோ சேர்த்தால் வெள்ளையாகப் படியும். அதைச் சுட்டால் ஆக்சைடு. ஜியாங்சி மாகாணத்தில் 1969-இல் இந்த வகை மண்ணைக் கண்டுபிடித்தார்கள். தாதுவில் இருப்பது பெரும்பாலும் 0.05 முதல் 0.2 சதவீதம்தான். 0.1 என்றே வையுங்கள், பத்து டன் லாரி மண்ணுக்குப் பத்து கிலோ.

அப்ப நம்ம தோட்டத்து மண்ணிலும் இருக்குமா?

எட்டு பேர் இதையே கேட்டிருக்கிறீர்கள். நம்ம மலை சார்னோக்கைட் என்ற கிரானைட் மாதிரியான பாறை. மக்கின மண் பல இடங்களில் பத்து, இருபது மீட்டர் ஆழம் இருக்கிறது, சரி. ஆனால் தாய்ப்பாறையில் எளிதில் கரையும் அருமண் கனிமம் இருந்திருக்க வேண்டும். மோனசைட் என்ற அருமண் கனிமம் என்றால் கரையாது, அப்படியே அடித்துக்கொண்டு போய் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணல் மாதிரி சேரும். அளவுக்கு மீறி மக்கி பாக்சைட் (அலுமினியத் தாது) ஆன மண்ணுக்குப் பிடித்துவைக்கும் சக்தியும் குறைவு.

கொடைக்கானல் பக்கத்து பாக்சைட்டில்?

மேலே சொன்னதுதான்.

புரோக்கர் ஒருவர் ஏக்கருக்கு மும்மடங்கு விலை சொல்கிறார்...

முன்பணம் கேட்டால் போலீஸில் சொல்லுங்கள். 1880 வாக்கில் நம்ம கூடலூர்ப் பக்கத்துத் தேவாலாவில் தங்கம் என்று லண்டனில் பங்கு விற்று, எத்தனையோ பேர் கையைச் சுட்டுக்கொண்டார்கள்.

வீட்டிலேயே சோதிக்கலாமா? ஆக்சாலிக் அமிலம் விட்டேன், வெள்ளையாக விழுந்தது!

கால்சியமும் அப்படித்தான் விழும். ஆக்சாலிக் அமிலம் விஷம், சமையல் பாத்திரத்தில் வேண்டாம்.

ஐயா, எங்கப்பா முப்பது வருஷம் அம்மோனியம் சல்பேட்தான் போட்டார். எங்க மண்ணிலிருந்த புதையல் எல்லாம் ஓடையில் போயிருக்குமே?

இது கேள்வி! தத்துவம் அதேதான், ஆனால் நடப்பது வேறு. நீங்கள் தூவும் உரத்தின் அம்மோனியத்தை நுண்ணுயிர்கள் மேலேயே நைட்ரேட் ஆக்கிவிடும், கூடவே அமிலமும் பிறக்கும். அந்த அமிலம் கால்சியம், மக்னீசியத்தைத்தான் துரத்தும். சீனாவிலோ துளை போட்டு, கரைசலை நேரே அடி அடுக்குக்கு அனுப்புகிறார்கள்.

அப்ப யூரியா போட்டால் அமிலம் வராதா?

வரும். சல்பேட்டைவிடக் குறைவு.

துளை போட்டு எடுத்தால் மரம் வெட்ட வேண்டாமே, நல்லதுதானே?

மக்கின சரிவுக்குள் தண்ணீர் ஏற்றுவது விளையாட்டல்ல. 2009 நவம்பரில் மழைத் தண்ணீர் ஏறியதற்கே இங்கே 40க்கும் மேற்பட்டோர் மண்ணுக்குள் போனார்கள். சீனாவிலும் இப்படிச் சரிவுகள் சரிந்திருக்கின்றன, ஓடைகளில் அம்மோனியம் கலந்திருக்கிறது. கீழே குடிக்கிறவன் யார்?

சார், எங்க மண்ணில் இருக்குமா?

இரண்டாவது பதில்.

முப்பது வருஷ உரம் கேட்டவன் நான்தான் ஐயா. அந்த அமிலத்துக்கு இப்ப என்ன செய்வது?

போன கவாத்துக்கு (செடி வெட்டும்போது) அமிலத்தைக் குறைக்கும் டோலமைட் சுண்ணாம்புப் பொடி போட்டீர்களா? அதை முதலில் சொல்லுங்கள்.