நயாகராவிலிருந்து அஸ்தானாவுக்கு வந்தவர்

தம்பி, உங்கள் கேள்வியை ரெண்டு தடவை படித்தேன். கஜகஸ்தானின் தலைநகரான இந்த அஸ்தானாவுக்கு வேலைக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸில் எல்லாரும் ஐஸ் ஹாக்கி பேசுகிறார்கள், நீங்கள் பேசாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள். 'நம்ம டால்மன்' என்று ஒருவரைப் பெருமையாகச் சொல்கிறார்கள். பெயரைப் பார்த்தால் கசாக் பெயராகவும் இல்லை, ரஷ்யப் பெயராகவும் இல்லை. அவர் எப்படி இவர்களுக்கு 'நம்ம' ஆள் ஆனார், எத்தனை வருஷம் இருந்தால் எனக்கு அது நடக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

டால்மனைப் பற்றி முதலில் சொல்கிறேன். உங்களுக்கான பதிலில் பாதி அதிலேயே வந்துவிடும்.

கெவின் டால்மன் கனடாக்காரர். ஒன்டாரியோவில், அருவி இருக்கும் அந்த நயாகரா ஃபால்ஸ் ஊரில் 1981-ல் பிறந்தவர். தற்காப்பு ஆட்டக்காரர். வட அமெரிக்காவின் பெரிய லீக்கான என்ஹெச்எல்-இல் இளம் வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுப்பார்களே, டிராஃப்ட் என்று, அதில் இவரை யாரும் எடுக்கவில்லை. பிறகு தனியாக ஒப்பந்தம் போட்டு பாஸ்டன், செயிண்ட் லூயிஸ், லாஸ் ஏஞ்சலஸ் என்று மூன்று அணிகளுக்கு ஆடினார். நூற்றைம்பதுக்கும் மேல் ஆட்டங்கள், கோல் என்று பார்த்தால் பத்தைத் தொடவில்லை. அங்கே அவர் அணியில் இருந்தார், அவ்வளவுதான். அவரை நம்பி அணி இல்லை.

2008-ல் ரஷ்யாவை மையமாக வைத்து கேஹெச்எல் என்ற புது லீக் தொடங்கியது. அஸ்தானாவின் பாரிஸ் அணி முதல் சீசனிலேயே அதில் சேர்ந்தது. பாரிஸ் என்றால் கசாக் மொழியில் பனிச்சிறுத்தை; பிரான்ஸ் தலைநகரத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அந்த வருஷம்தான் டால்மன் இங்கே வந்தார். அந்த ஒரே சீசனில் 28 கோல். தற்காப்பு ஆட்டக்காரர் ஒருவர் அடித்ததில் அது லீக் சாதனை.

அதே கால், அதே மட்டை. அப்புறம் எப்படி? எனக்குத் தெரிந்து இரண்டு காரணம். ஒன்று, களம். என்ஹெச்எல் களத்தின் அகலம் 26 மீட்டர். இங்கே அன்று 30 மீட்டர். பனியில் வேகமாக ஓடத் தெரிந்த, ரப்பர் வட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு யோசிக்கத் தெரிந்த ஒரு தற்காப்பு ஆட்டக்காரருக்கு அந்த நான்கு மீட்டர் பெரிய சொத்து. இரண்டாவது, பொறுப்பு. எதிரணியில் ஒருவர் தப்பாட்டம் ஆடி இரண்டு நிமிஷம் வெளியே உட்காரும்போது கிடைக்கும் பவர்ப்ளேயை இவர் கையில் கொடுத்தார்கள். என்னைக் கேட்டால் இந்த இரண்டாவதுதான் முக்கியம்.

நானும் என் வீட்டுக்காரரும் 2009 நவம்பரில் வந்தோம். அந்தக் குளிர்காலத்தில் எதிர்வீட்டு அம்மா எங்களைப் பழைய விளையாட்டு அரண்மனைக்கு ஆட்டம் பார்க்கக் கூட்டிப்போனார். நாலாயிரம் பேர் உட்காரும் சின்ன அரங்கம். கூட்டம் மொத்தமும் 'ஷாய்பு! ஷாய்பு!' என்று கத்தியது. ஷாய்பா என்றால் அந்தக் கறுப்பு ரப்பர் வட்டு. கோல் கேட்கும்போதும் அதே சொல்தான். வட்டு பின்னால் உருண்டு, எதிரணிப் பகுதியின் எல்லையான நீலக்கோட்டுக்கு வந்தது. அங்கே டால்மன் நின்றார். உடனே அடிக்கவில்லை. ஒரு மூச்சு விடுகிற நேரம் அப்படியே வைத்திருந்தார். கோல்கீப்பரின் கண்ணை மறைத்து நாலைந்து பேர் முட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த இடுக்கு வழியாக அடித்தார். வலை ஆடியதைத்தான் பார்த்தேன், வட்டு போனதைப் பார்க்கவில்லை. எதிர்வீட்டு அம்மா என் கையைப் பிடித்து இழுத்து எழுப்பிவிட்டார். ஒரு வருஷம் லிஃப்டில் சேர்ந்து போய் வந்தாலும் வராத நெருக்கம் அந்த ஒரு இழுப்பில் வந்தது.

டால்மன் அணிக்குக் கேப்டனும் ஆனார். பிறகு 2012-ல் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க்கின் எஸ்கேஏ அணிக்குப் போனார். பணமும் பெயரும் உள்ள பெரிய அணி, போனதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 2014-ல் திரும்பி இங்கேயே வந்தார். கஜகஸ்தான் குடியுரிமை எடுத்து, 2016-ல் மாஸ்கோவிலும் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க்கிலும் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் இந்த நாட்டுச் சட்டையைப் போட்டு ஆடினார். அப்போது அவருக்கு 35 வயது. அந்தத் தடவை அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிட்டது. மேலே வர 2019 வரை ஆனது. ஆனாலும் உங்கள் ஆபீஸில் இன்றைக்கும் அவரை 'நம்ம' என்கிறார்கள், பார்த்தீர்களா. என் கணக்கில் அந்தச் சொல் 28 கோலுக்காகக் கிடைத்தது இல்லை. திரும்பி வந்ததற்காகக் கிடைத்தது.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு, அதையும் தெரிந்துகொண்டு பேசுங்கள். இந்த நாட்டு ஹாக்கியின் தாய்வீடு அஸ்தானா இல்லை. கிழக்கே இருக்கும் ஒஸ்கெமன், ரஷ்ய மொழியில் உஸ்த்-கமெனகோர்ஸ்க். அங்கே டார்பீடோ அணி 1955-லிருந்து இருக்கிறது. என்ஹெச்எல் வரை போன நிக் அன்ட்ரோபவும் கோல்கீப்பர் யெவ்கேனி நபோகவும் அந்த ஊர்ப் பிள்ளைகள். 1998 நகானோ ஒலிம்பிக்ஸில் கஜகஸ்தான் காலிறுதி வரை போனதே, அந்த அணியின் முதுகெலும்பு ஒஸ்கெமன்தான். ஆகவே, வெளியிலிருந்து வந்தவர்களுக்குத் தேசிய அணிச் சட்டை கொடுத்தால் எங்கள் பையன்களுக்கு இடம் எங்கே என்ற வருத்தம் இங்கே உண்டு. அது நியாயமான வருத்தம். யாராவது உங்கள் முன்னால் அப்படிப் பேசினால், வெளிநாட்டுக்காரனான உங்களைக் குத்துகிறார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒஸ்கெமன் பெயரைச் சொல்லிப் பேச்சை அங்கே கொண்டுபோங்கள், மனிதர் முகம் மலர்வதைப் பார்ப்பீர்கள்.

எத்தனை வருஷம் என்று கேட்டீர்கள். ஹாக்கிச் சட்டத்தில் அதற்கு எண் இருக்கிறது. குடியுரிமை மாறிய ஒருவர், முன்பு வேறு நாட்டுக்கு ஆடாதவராக இருந்தால், புதிய நாட்டில் தொடர்ந்து இரண்டு வருஷமாவது ஆடியிருக்க வேண்டும். முன்பு வேறு நாட்டுக்கு ஆடியவராக இருந்தால் நான்கு வருஷம். நமக்கு அப்படி யாரும் எண் போட்டு வைக்கவில்லை. எனக்கு ஏழெட்டு வருஷம் ஆனது. மொழி ஒரு காரணம். ரஷ்ய மொழி கற்றால் காரியம் நடக்கும், ஆனால் கடையில் 'ரக்மெட்' என்று கசாக் மொழியில் நன்றி சொல்லும்போது எதிரில் இருப்பவர் பார்க்கும் பார்வையே வேறு. தெரியாதவர்கள் இங்கே சும்மா சிரிக்க மாட்டார்கள். அதை வெறுப்பு என்று எண்ணி முதல் வருஷம் நான் வீட்டில் அழுதிருக்கிறேன். நீங்கள் அந்த வருஷத்தை வீணாக்க வேண்டாம்.

என் மகன் வழியாகத்தான் எங்களுக்குக் கதவு திறந்தது. எங்கள் குடியிருப்பு முற்றத்தில் மரப்பலகை அடைத்த ஒரு சின்ன களம் உண்டு, 'கரோப்கா' என்பார்கள், பெட்டி என்று அர்த்தம். டிசம்பர் ராத்திரிகளில் மூன்றாம் மாடித் தாத்தா ரப்பர் குழாயை இழுத்துவந்து தண்ணீர் ஊற்றுவார். மைனஸ் இருபத்தைந்தில் அவர் கையுறைமேல் தெறித்த தண்ணீர் அங்கேயே உறைந்து பளபளக்கும். ஒரே தடவையில் ஊற்றக் கூடாதாம், மெல்லிசாக ஊற்றி, உறையவிட்டு, மறுபடி ஊற்ற வேண்டுமாம். என் வீட்டுக்காரர் போய்க் குழாயைத் தூக்கிப் பிடித்தார். அடுத்த வருஷத்திலிருந்து தண்ணீர் ஊற்றும் ராத்திரி அவர்களே வந்து கதவைத் தட்டினார்கள்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது இது. சீசன் செப்டம்பரில் தொடங்கும். இப்போது ஆட்டம் நடப்பது 2015-ல் திறந்த பாரிஸ் அரீனாவில். தனியாகப் போகாதீர்கள், ஆபீஸில் அந்த டால்மன் பேச்சை எடுத்தவரிடமே 'என்னையும் கூட்டிப்போங்கள்' என்று கேளுங்கள். ஸ்கேட்டிங் பழக ஆசை வந்தால் உடனே காலணி வாங்க வேண்டாம். பொதுக் களங்களில் 'ப்ரகாத்' என்று எழுதிய ஜன்னலில் வாடகைக்குக் கிடைக்கும். குளிருக்குப் பயந்து ரெண்டு ஜோடி காலுறை மட்டும் போட்டுவிடாதீர்கள். காலணி இறுகி, ரத்த ஓட்டம் குறைந்து, விரல்கள்தான் முதலில் மரத்துப்போகும். ஒரே ஜோடி, மெல்லிசாக.